விலை இறங்கட்டும் என்று ஐந்து வருடம் காத்திருந்தோம், ஏறிவிட்டதே!

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. பெயர், ஊர் முதலிய அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. மகனுக்குப் பத்து வயதாக இருந்தபோது சோனி நிறுவனத்தின் வீடியோ விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது. அவன் கேட்டான். "புதிதாக வந்தவுடன் விலை அதிகமாகத்தான் இருக்கும். மூன்று வருடம் போகட்டும், பாதி விலைக்கு வந்துவிடும், அப்போது வாங்கித் தருகிறேன்" என்று இவர் சொன்னார். அந்த நேரத்துக்குச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை இல்லை. தன் தம்பி முந்தைய கருவிகளை அப்படித்தான் பொறுத்திருந்து, மலிவாக வாங்கினார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மாதந்தோறும் சிறு தொகை எடுத்து வைத்தார். இப்போது மகனுக்குப் பதினைந்து. பணம் சேர்ந்துவிட்டது, விலைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"கணக்குப் பார்ப்பதே உங்கள் வேலை, இது தெரியவில்லையா அம்மா என்று மகன் கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை" என்று எழுதுகிறார். கடைக்காரர்தான் விலையை ஏற்றி ஏமாற்றுகிறார், புகார் கொடுக்க வேண்டும் என்கிறார் கணவர். இனி விலை ஏறிக்கொண்டேதான் போகும், இரண்டாக வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்து பிறகு விற்கலாம் என்பது தம்பியின் யோசனை. இதற்கிடையில் ஒரு கடையில் முன்பணம் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமே நிறுவனம் விலையை உயர்த்திவிட்டது. வித்தியாசத் தொகையையும் கட்டச் சொல்கிறது கடை. அடுத்த தலைமுறைக் கருவி வந்தால் இதன் விலை இறங்காதா? விளையாட்டுகளை இணையத்தில் மட்டுமே வாங்கக்கூடிய, டிஸ்க் இல்லாத மலிவான மாதிரியை வாங்கினால் மிச்சமா? தவணையில் எடுக்கலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. அம்மா சொன்னது பொய் இல்லை தம்பி. அது பழைய விதி. 2020-ல் இதே கேள்வி என்னிடம் வந்திருந்தால் நானும் "பொறுங்கள்" என்றுதான் எழுதியிருப்பேன். குடும்ப நிதி ஆலோசனைக்கு வருவதற்கு முன்பு, மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அடக்கவிலைக் கணக்குப் பார்த்தவன் நான். போன வருடத்து அடக்கவிலை இந்த வருடம் இறங்கும் என்பது எங்களுக்குக் கிழக்கே சூரியன் உதிப்பதைப் போன்றது. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

பழைய கணக்கைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2002-ல் 199, 2006-ல் 129, 2009-ல் 99. பிளேஸ்டேஷன் 4 2013-ல் 399. மூன்றே ஆண்டுகளில் 299. உங்கள் தம்பி பார்த்தது இதைத்தான். (நிறுவனங்கள் டாலரில் அறிவிக்கும் விலையைத்தான் இந்தப் பதில் முழுவதும் சொல்கிறேன். ஒவ்வொரு நாட்டிலும் வரியும் நாணய மாற்றும் சேர்ந்து தொகை மாறும், போக்கு மாறாது.)

இப்போது புதிய கணக்கு. பிளேஸ்டேஷன் 5 2020 நவம்பரில் டிஸ்க் உள்ள மாதிரி 499, டிஸ்க் இல்லாதது 399 டாலர். 2022 ஆகஸ்டில் ஐரோப்பா, ஜப்பான் உள்ளிட்ட பல சந்தைகளில் விலை ஏறியது. டிஸ்க் இல்லாதது 2023-ல் 450 ஆகியிருந்தது; 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் இரண்டும் 50 டாலர் ஏறி, முறையே 550, 500 ஆயின. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-ல் தொடங்கி, 2025 மே மாதத்தில் 600, அதே ஆண்டு அக்டோபரில் 650. ஒரே ஆண்டில் இரண்டு முறை! ஆகவே உங்கள் ஊர்க் கடைக்காரரை உங்கள் கணவர் விட்டுவிடலாம். கன்சோல் எனப்படும் இந்த விளையாட்டுக் கருவியை விற்பதில் கடைக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். அவர் பிழைப்பது கூடுதல் கன்ட்ரோலர், கேபிள், ஹெட்ஃபோன், நீட்டித்த வாரண்டி ஆகியவற்றில்தான். பெட்டியை எடுத்து வைத்த கையோடு இவற்றையும் உங்கள் முன் பரப்புவார் அல்லவா? கவனம் அங்கே இருக்கட்டும்.

அப்போது ஏன் இறங்கியது

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் இன்னும் மூன்று ஆண்டு காத்திருப்பீர்கள்.

கன்சோலின் உயிர் அதன் சிப். ஒரு சிலிக்கான் தகட்டில் எத்தனை சிப்களை வெட்டி எடுக்கலாம் என்பதுதான் அடக்கவிலையின் அடிப்படை. தொழில்நுட்பம் ஒரு படி முன்னேறும்போதெல்லாம் அதே சிப்பைப் பாதி அளவில் செய்ய முடிந்தது. தகட்டின் விலையோ அதிகம் மாறவில்லை. ஒரே தகட்டில் இரட்டிப்பு விளைச்சல். பிளேஸ்டேஷன் 2-ல் முதலில் தனித்தனியாக இருந்த இரண்டு முக்கியச் சிப்களைச் சில ஆண்டுகளில் ஒரே சிப்பாக அடக்கிவிட்டார்கள். சிப் சிறுத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் விசிறியும் மின்வழங்கியும் சிறுக்கும், பெட்டி மெலியும், ஒரே சரக்குப் பெட்டகத்தில் அதிகம் ஏற்றலாம். ஒன்று இறங்கினால் எல்லாம் இறங்கும். கணக்கு எழுதுகிறவனுக்கு அதைப் பார்க்கவே அழகாக இருக்கும்.

அந்த ஏற்பாடு படிப்படியாக நின்றுபோனது. இன்றைய மிகச் சிறிய அளவுகளுக்குப் போனால் தகட்டின் விலையே ஏறுகிறது. சிப்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சிறுப்பதும் இல்லை. பிளேஸ்டேஷன் 5-ன் சிப் 7 நானோமீட்டர் என்ற தயாரிப்பு அளவிலிருந்து 6-க்குத்தான் நகர்ந்தது. கொஞ்சம் மின்சாரமும் எடையும் மிச்சமாயின. அந்த மிச்சம் விலைச்சீட்டுவரை வந்து சேரவில்லை. இதன்மேல் கூடுதல் சுமைகள்: நினைவகச் சிப்களுக்குச் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் போட்டி, 2025-ல் அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகள், யென் போன்ற நாணயங்களின் சரிவு.

இன்னொரு காரணமும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அப்போது சண்டை இருந்தது. 2002 மே மாதத்தில் சோனி விலையைக் குறைத்ததும் மற்ற கருவித் தயாரிப்பாளர்களான மைக்ரோசாஃப்டும் நின்டெண்டோவும் சில நாட்களுக்குள் குறைத்தன. ஒருவர் குறைத்தால் மற்றவர் குறைத்தே ஆக வேண்டும். இன்று மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுகளைப் போட்டியாளரின் கருவிக்கே கொடுத்து விற்கிறது. அடுத்த வீட்டுக்காரனுக்குச் சரக்கு விற்பவன் அவனோடு விலைச் சண்டைக்கு ஏன் போகிறான்?

பெட்டியில் லாபம் என்ற எண்ணம்

"ஐந்து வருடமாகப் போதுமான லாபம் பார்த்திருப்பார்களே, இப்போதாவது குறைக்கக் கூடாதா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கு வேறு. இந்தத் தொழிலில் பெட்டி பெரும்பாலும் தூண்டிலில் மாட்டிய புழு. 2006-ல் பிளேஸ்டேஷன் 3-ஐப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம், 499 டாலருக்கு விற்ற மாதிரியைச் செய்ய ஏறத்தாழ 805 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. 2021-ல் விளையாட்டுகள் தயாரிக்கும் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் கருவிகளின் விற்பனையில் மட்டும் நிறுவனம் லாபம் கண்டதே இல்லை என்றார். அதே ஆண்டு சோனி, 499 டாலர் மாதிரி இனி நஷ்டத்தில் விற்கப்படவில்லை என்று அறிவித்தது. நின்டெண்டோ மட்டும் பொதுவாக நஷ்டத்துக்கு விற்க விரும்பாத வீடு.

பணம் வருவது வேறு வழியில். நிறுவனத்தின் டிஜிட்டல் கடையில் மற்றவர்கள் விற்கும் விளையாட்டுகளில் சுமார் 30 விழுக்காடு அதன் பங்கு. அதோடு சந்தா, விளையாட்டுக்குள்ளே விற்கும் உடை, ஆயுதம் முதலியவை. இந்த வருமானம் இல்லாமல் பெட்டியிலேயே லாபம் பார்க்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு 1993-ல் வந்த 3டிஓ என்ற கன்சோல் சாட்சி. வடிவமைத்த நிறுவனம் ஒன்று; செய்து விற்றது பானசோனிக் போன்ற வேறு நிறுவனங்கள். விளையாட்டுகளின் பங்குத்தொகை வடிவமைத்தவருக்குப் போனதால், செய்தவர் பெட்டியிலேயே லாபம் வைக்க வேண்டியிருந்தது. விலை 700 டாலர். சில ஆண்டுகளிலேயே கடை கட்டிவிட்டார்கள்.

இப்போது உங்கள் நிலைக்கு வருவோம். முதல் ஆண்டில் வாங்குபவர் ஆறேழு ஆண்டுகளுக்கு விளையாட்டுகள் வாங்குவார். அவருக்காக நிறுவனம் நஷ்டப்படலாம். ஐந்தாம் ஆண்டில் வருபவரிடமிருந்து அத்தனை வருமானம் வராது. முன்பு அடக்கவிலை தானாகவே இறங்கியதால் கடைசியில் வருபவருக்கும் மலிவாகக் கொடுக்க முடிந்தது. இப்போது அடக்கவிலையும் இறங்கவில்லை, இவருக்காகக் கையைக் கடித்துக்கொள்ளவும் காரணம் இல்லை. பொறுமைக்குக் கிடைத்துவந்த பரிசை நிறுத்திவிட்டார்கள் என்பதே நான் பார்க்கும் பெரிய மாற்றம். இது சட்டமீறல் ஆகாது. இதற்குப் புகார் கொடுக்கவும் இடமில்லை.

நீங்கள் உண்மையில் எவ்வளவு இழந்தீர்கள்?

கணக்குப் பிரிவுக்காரரிடம் கணக்காகவே பேசுகிறேன். 2025 விலைப்படி, காத்திருந்ததால் பெட்டிக்கு 50 டாலர் கூடுதல். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், நண்பர்களோடு இணையத்தில் விளையாடத் தேவைப்படும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா 2023 செப்டம்பர்வரை ஆண்டுக்கு 60 டாலர், அதன் பிறகு 80. 2020-லேயே வாங்கியிருந்தால் ஐந்து ஆண்டுகளில் 340 டாலர் அளவுக்கு அதற்கே போயிருக்கும். 2020-ல் 70 டாலருக்கு விற்ற பல விளையாட்டுகள் இன்று தள்ளுபடியில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. தவிர, 2020-லும் 2021-லும் நீங்கள் கேட்ட மாத்திரத்தில் கருவி கிடைத்திருக்காது. சிப் தட்டுப்பாட்டில், பதுக்கி விற்றவர்களிடம் கூடுதல் விலைக்குத்தான் பலர் வாங்கினார்கள்.

பணவீக்கத்தையும் சேர்த்தால் இன்னொரு வேடிக்கை. 2020-ன் 499 டாலர், அமெரிக்க விலைவாசிப்படி 2025-ல் சுமார் 620 டாலருக்குச் சமம். ஆகவே 2025-ன் 550 என்பது உண்மை மதிப்பில் குறைந்த விலையே. 2006-ன் 599 டாலர் பிளேஸ்டேஷன் 3 இன்றைக்கு 950-ஐத் தாண்டும். 1977-ல் 199 டாலருக்கு வந்த அட்டாரி கருவி ஆயிரத்தைத் தாண்டும். எக்ஸ்பாக்ஸின் 650 விலைவாசியையும் மிஞ்சிய ஏற்றம். ஆனால் இந்தக் கணக்கை உங்கள் மகனிடம் சொல்ல வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவான். சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து ஏறாத வீட்டில் பணவீக்கக் கணக்கு ஆறுதல் தராது என்பதும் எனக்குத் தெரியும்.

பணத்தில் நீங்கள் தோற்கவில்லை. பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்த விளையாட்டை மட்டும் எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. அதை அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்வதைவிட அது எளிது.

பெட்டிக்குப் பின்னால் வரும் செலவு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கன்சோல் வாங்குகிறவர்கள் முதல் நாளே நினைவில் கொள்ள வேண்டிய பழமொழி. அடுத்த ஐந்து ஆண்டுகளை எழுதிப் பாருங்கள்: 2025 விலைப்படி பெட்டி 550. சந்தா ஆண்டுக்கு 80 என்றால் 400. ஆண்டுக்கு இரண்டே புதிய விளையாட்டுகள், ஒவ்வொன்றும் 70 என்றால் 700. மொத்தம் 1,650 டாலர். பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஐந்து ஆண்டுகள் நீங்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பங்கை. மீதி இரண்டு பங்கு உங்கள் கையில் இருக்கிறது. அதைக் குறைப்பதற்குச் சோனியின் தயவு தேவையில்லை.

எக்ஸ்பாக்ஸ் பக்கம் போனால் சந்தாவின் பாரம் இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் மாதம் 20 டாலரிலிருந்து 30 ஆனது. அந்த விலைப்படி ஐந்து ஆண்டுகளுக்கு 1,800 டாலர். மாதம் நாலைந்து விளையாட்டு மாற்றி மாற்றி ஆடுகிறவருக்கு அது லாபம். ஒரே கால்பந்து விளையாட்டை வருடம் முழுவதும் ஆடுகிற பையனுக்கு வீண். சந்தாவில் கிடைப்பது அனுமதி மட்டுமே, உடைமை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டுவதை நிறுத்தினால் விளையாட்டும் நிற்கும்.

ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கு இரண்டு கருவிகளிலும் சந்தா தேவையில்லை. மகன் அதைத்தான் அதிகம் ஆடுவான் என்றால் 400 டாலர் அப்படியே மிச்சம். ஆனால் இலவச விளையாட்டுதான் பணம் ஒழுகும் பெரிய ஓட்டை. அதற்குள்ளே எதையாவது விற்றுக்கொண்டே இருப்பார்கள். உங்கள் அட்டையை அவன் கணக்கில் இணைக்காதீர்கள். சிறுவர் கணக்காகத் தொடங்கி, மாதச் செலவு வரம்பை நீங்களே நிர்ணயிக்கும் வசதி இருக்கிறது. முதல் நாளே செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் செய்தால் வீட்டில் போர்தான்.

இனி உள்ள வழிகள்

*அடுத்த தலைமுறை வரும்வரை பொறுப்பது.* இதற்கு நின்டெண்டோ சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டது. 2017-ல் 299.99 டாலருக்கு வந்த அதன் ஸ்விட்ச் கருவி, எட்டு ஆண்டுகள் அமெரிக்காவில் அதே விலையில் நின்றது. 2025 ஜூன் மாதம் ஸ்விட்ச் 2 வந்தது, 449.99 டாலருக்கு. இரண்டே மாதத்தில் பழைய ஸ்விட்சின் விலை 339.99 ஆக உயர்ந்தது. வாரிசு வந்த பிறகு மூத்தவருக்கு விலை ஏறிய அதிசயம்! எனவே புதியது வந்தால் பழையது இறங்கும் என்று திட்டமிடாதீர்கள். ஆனால் சலுகைக் காலங்கள் இன்னும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5-ஐ 100 டாலர் குறைத்துக் கொடுத்தார்கள். பட்டியல் விலை இறங்காது; விற்கும் விலை மட்டும் ஆண்டுக்கு ஓரிரு முறை சில வாரங்களுக்கு இறங்கி மறுபடியும் ஏறும். அவசரம் இல்லாவிட்டால் அந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருங்கள். வருடக் கணக்கில் வேண்டாம்.

*டிஸ்க் இல்லாத மாதிரி.* 50 டாலர் மலிவு என்பது உண்மை. ஆனால் அதில் பழைய டிஸ்க் வாங்கிப் போட முடியாது, ஆடி முடித்ததை விற்க முடியாது, நண்பனிடம் இரவல் வாங்க முடியாது. ஒரே கடை, அந்தக் கடை சொல்வதே விலை. தனியாக டிஸ்க் இயக்கி வாங்கிப் பொருத்தலாம் என்றால் அது 80 டாலர்; முதலிலேயே டிஸ்க் மாதிரியை வாங்கியிருக்கலாம். இரண்டு மூன்று பழைய டிஸ்க் வாங்கினாலே அந்த 50 திரும்பிவிடும். "டிஜிட்டலில் வாங்கியது என்றைக்கும் என்னுடையது" என்ற எண்ணமும் சரியில்லை. சட்டத்தின் கண்ணில் அது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம். கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல், இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் இரண்டு பழைய கருவிகளுக்கான இணையக் கடையை மூடியபோது, அதன் பிறகு அங்கே எதையும் வாங்க வழியில்லாமல் போயிற்று. மகன் இலவச விளையாட்டுகள் மட்டுமே ஆடுவான் என்றால் டிஸ்க் இல்லாத மாதிரி போதும். மற்றபடி என் ஓட்டு டிஸ்குக்கு.

*பழைய கருவி வாங்குவது.* நல்ல வழிதான், நேரில் பார்த்து வாங்கினால். அரை மணி நேரமாவது ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். விசிறி அலறினாலும் திரை உறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாமலே திரையில் உள்ள கதாபாத்திரம் நகர்கிறதா என்று பாருங்கள். முந்தையவர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியை ஆரம்ப நிலைக்கு மாற்றித் தரட்டும். உங்கள் கண்முன்னே இணையச் சேவையில் நுழைந்து காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் தடை செய்த கருவிகளும் சந்தையில் உலவுகின்றன. ஆரம்ப கால பிளேஸ்டேஷன் 5-ல் டிஸ்க் இயக்கி அந்தந்தக் கருவியின் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். கண்ட இடத்தில் மாற்றிப் பொருத்தியிருந்தால் வேலை செய்யாது. ஒரு டிஸ்கைப் போட்டே பார்த்துவிடுங்கள்.

*தவணை.* பணம் கையில் இருக்கும்போது எதற்கு? "வட்டி இல்லை" என்ற தவணையில் செயல்பாட்டுக் கட்டணம் ஒளிந்திருக்கலாம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்காமல் போகலாம். வேண்டாம்.

*தம்பியின் யோசனை.* இதற்கு எனக்குச் சிரிப்பு வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். 2021-ல் பதுக்கியவர்கள் சம்பாதித்தது தட்டுப்பாட்டினால். பட்டியல் விலை ஏறியதால் அவர்களுக்குப் பணம் வரவில்லை. பிரிக்காத பெட்டிக்குள் வாரண்டி கரையும், அடுத்த தலைமுறை நெருங்கும், விற்கும்போது வாங்குகிறவர் கடை ரசீது கேட்பார், பேரம் பேசுவார். 2020 முதல் 2025 வரை 50 டாலர் மட்டும் ஏறிய பொருளில் முதலீடு செய்வதற்குச் சாதாரண வங்கி வைப்பே மேல்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், டிஸ்க் உள்ள மாதிரியைச் சலுகைக் காலத்தில் வாங்குவேன். முதல் ஆண்டு சந்தா எடுக்காமல், 2020 முதல் 2023 வரை வெளிவந்த விளையாட்டுகளைப் பழைய டிஸ்காக வாங்கிக் கொடுப்பேன். அவனுக்கு அவை எல்லாம் புதியவைதானே. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, சந்தாவா புது விளையாட்டா என்பதை அவனே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கணக்குத் தெரியவில்லையா என்று கேட்டானே, பேனாவை அவன் கையில் கொடுங்கள்.

முன்பணம்

இது மட்டும் அவசரம், தள்ளிப்போடாதீர்கள். முன்பண ரசீதைத் தேடி எடுங்கள். அதில் மாதிரியின் பெயரும் முழு விலையும் எழுதி, கடை ஒப்புக்கொண்டதாக இருந்தால், பெரும்பாலான நாடுகளில் அது விற்பனை ஒப்பந்தமாகவே பார்க்கப்படும். பிறகு நிறுவனம் விலையை ஏற்றியது கடைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான சங்கதி, உங்களுக்கு அதில் பங்கில்லை. "ஒப்படைக்கும் நாளின் விலை செல்லும்" என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும். ஆனால் புதிய விலையை ஏற்க விருப்பமில்லை என்று சொல்லி முன்பணத்தை முழுமையாகத் திரும்பக் கேட்க அப்போதும் நியாயம் உண்டு. விலை எதுவும் எழுதாத வெறும் ரசீது என்றால், குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கடை விலை சொன்ன சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போகும்போது கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கணவரையும் அப்படியே. மேலாளரிடம் இரண்டே தெரிவுகளைச் சொல்லுங்கள்: பழைய விலைக்குக் கருவி, அல்லது முழு முன்பணம். "பழைய விலைக்குத் தருகிறேன், ஆனால் இந்த ஹெட்ஃபோனையும் சேர்த்து வாங்க வேண்டும்" என்று பேச்சு வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்ன உடனேயே பாதிக் கடைகள் இறங்கி வந்துவிடும். வராவிட்டால், அந்தத் தாளையும் ரசீதின் நகலையும் சேர்த்து உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்புக்கு அனுப்புங்கள். உங்கள் கணவர் கொடுக்க விரும்பிய புகாருக்கு உரிய இடம் இதுதான்.